பெரிய சக்கரமும் பழைய அச்சும்

‘பெரிது’ என்ற சொல்லில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. பெரிய வீடு, பெரிய பதவி, பெரிய ஊர் என்று சொல்லும்போதே நம் குரல் ஒரு படி உயர்ந்துவிடுகிறது. பெரியதெல்லாம் நல்லது, சிறியதெல்லாம் குறை என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஆயினும் நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். இந்த மயக்கம் கார்ச் சக்கரம் வரையில் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை மைசூர் வீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் அறிவர். ஆலையில் பூட்டி அனுப்பிய சக்கரங்களைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அவற்றினும் பெரிய, பளபளக்கும் அலாய் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வண்டிகள் பவனி வருகின்றன.

புதிய வண்டிக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி. அறுபது ஆண்டுப் பழமையுள்ள வண்டி ஒன்றுக்கு, அதிலும் பந்தயக் கார்களின் குடும்பத்தில் பிறந்த வண்டிக்கு, பெரிய சக்கரம் பூட்டலாமா என்பதே இக்கட்டுரையின் பொருள். இயற்பியல் படிக்கும் ஒருத்திக்குக் கார்ச் சக்கரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானாகத் தேடிப் போன வேலையன்று. என் தம்பியின் வடிவில் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற வேலை.

தம்பிக்கு வயது இருபது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு மைசூரில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் படிப்பை முடித்த அன்று எங்கள் மாமா, தாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டார். இரண்டே கதவுகள் உள்ள, 1964-ஆம் ஆண்டு வண்டி.

இந்த வண்டியின் குலம் கோத்திரத்தைச் சற்றே சொல்ல வேண்டும். இத்தாலிய நாட்டு மிக்கெலோட்டி என்ற கலைஞர் வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் அதனைச் செய்யத் தொடங்கியது. வண்டலூரை அடுத்த அந்த ஆலையிலிருந்து இப்போது கார்கள் வருவதில்லை. அங்கே பிறந்த வண்டிகளில் சிலவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, சக்கரங்களுக்கு இடையேயுள்ள நீளத்தை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் பந்தய பாணிக் காரைச் செய்தார்கள். ஆகவே எங்கள் ஹெரால்டு பந்தயக் கார் அன்று. ஆனால் பந்தயக் காருக்கு மூத்த உடன்பிறப்பு. சென்னைக்கருகே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களிலே ஹெரால்டும் ஓடியதுண்டு. தம்பியின் கண்ணுக்கு அது ஸ்பிட்ஃபயராகவே தெரிந்தது. அதனால்தான் அதற்கு 15 அங்குல அலாய் சக்கரம் நான்கு பூட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில் முன்பணமும் கட்டிவிட்டு வந்தான்.

அவன் ஆசையின் வேர் சக்கரத்தில் மட்டும் இல்லை. எங்கள் பூர்விகம் மேட்டூர்ப் பக்கம். அணை கட்டி, 1934-இல் அது நிறைவெய்தியபோது, கொள்ளுத்தாத்தாவின் நிலம் நீருக்குள் போயிற்று. அவர் காவிரிக் கரையோடு மேலே நடந்து வந்து கோபிநத்தத்தில் குடிசை போட்டார். அப்போது கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் அது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997 முதல் எங்கள் ஊர் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு முறை நாங்கள் இடம் பெயர்ந்தோம். பிறகு எல்லை எங்களைக் கடந்து பெயர்ந்தது. நான் சிறுமியாக இருந்தபோது பெற்றோர் பிழைப்பைத் தேடி மைசூருக்கு வந்தனர்.

கோபிநத்தம் என்று சொன்னதும் கேட்பவர் உடனே ஒரு மனிதரின் பெயரைச் சொல்வர். அவர் 2004-இல் மாண்டார். ஊர் இன்னும் வாழ்கிறது. அந்த ஊருக்குள் பல ஆண்டுகள் ஜீப்புகளே வந்தன. ஜீப் வந்தால் கதவைச் சாத்திய கதைகளைச் சொல்லியே அம்மாயி எங்களை வளர்த்தாள். “நம்ம வண்டி ஒண்ணு பளபளன்னு ஊருக்குள்ள போகணும் அக்கா. சனம் கதவைத் திறந்து வந்து பாக்கணும்” என்றான் தம்பி. மாரியம்மன் திருவிழாவுக்கு மாமாவையும் அம்மாயியையும் ஏற்றிக்கொண்டு போவதென்று நாளும் குறித்துவிட்டான். அந்தப் பேச்சுக்கு முன்னால் என் கணக்குப் புத்தகத்தைத் திறக்க எனக்கே மனம் வரவில்லை. ஆனால் மைசூரிலிருந்து கொள்ளேகால், அனூர் வழியாக மாதேசுவரன் மலை ஏறி, அங்கிருந்து பாலாற்றுக்கு இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் சாலை அது. மலைச் சாலைக்கு நம் ஆசை தெரியாது. ஆகவே புத்தகத்தைத் திறந்தேன்.

முதலில் அளவு. எங்கள் வண்டியில் இருந்த டயரின் மேல் 155/80 ஆர் 13 என்று எழுதியிருக்கும். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது டயர்ச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 578 மில்லிமீட்டர். தம்பி பார்த்து வைத்தது 185/65 ஆர் 15. இன்றைய கார்களில் பரவலாகக் காணும் அளவுதான். அதன் முழு விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். வேறுபாடு நூற்றுக்கு ஏழரைப் பங்கு. “நாலு விரல்கடைகூட இல்லையே அக்கா, இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்றான்.

அந்த ஏழரை என்ன செய்யும் என்று பார்ப்போம். பழைய சக்கரம் ஒரு கிலோமீட்டர் போவதற்கு 551 முறை உருள வேண்டும். புதியது 512 முறை உருண்டால் போதும். இந்த வண்டியின் வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை; கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பியின் சுழற்சியை மட்டுமே எண்ணுகிறது. சக்கரம் மாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே முள் 60-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 64.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே அது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடிவிடும்.

ஆற்றல் கூடியதோடு நின்றால் குற்றமில்லை. அடக்கும் கை அதே வேளையில் இளைத்துப் போகிறது. பிரேக் டிரம் தருவது ஒரு முறுக்கு விசை. அது சாலையில் எவ்வளவு இழுவையாக மாறும் என்பது சக்கரத்தின் ஆரத்தைப் பொறுத்தது. ஆரம் நீண்டால், அதே மிதிக்குக் கிடைக்கும் தடை குறையும். இங்கே நூற்றுக்கு ஏழு பங்கு. நீண்ட கைப்பிடியுள்ள கதவைத் திறப்பவனுக்கு எளிது. அவனைத் தடுத்துப் பிடிப்பவனுக்குக் கடினம். இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தேன். முள் அதே இடத்தில் நிற்க, கால் அதே அழுத்தத்தில் மிதிக்க, முன்பு 30 மீட்டரில் நின்ற வண்டி இப்போது நிற்க 37 மீட்டர் வேண்டும். அந்த ஏழு மீட்டருக்குள் ஒரு மாடு நிற்கலாம். ஒரு குழந்தை நிற்கலாம். சாலையின் விளிம்பும் இருக்கலாம்.

இன்னும் அழுத்தி மிதித்தால் போகிறது என்பீர்கள். சமதரையில் அது சரி. மலை இறக்கத்தில் வேறொரு கணக்கு வருகிறது. வண்டியின் எடை ஏறத்தாழ 800 கிலோ. நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் 1,050 என்று கொள்ளலாம். 300 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதையும் வழியிலேயே செலவழித்தாக வேண்டும். அது ஏறத்தாழ பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். அதில் ஒரு பங்கை இயந்திரம் தாங்கும். மீதியை டிரம்கள் தாங்க வேண்டும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான், டிஸ்க் இல்லை. டிரம் சூடேறினால் பிடி தளரும் என்பது பட்டறைப் பையன்களும் அறிந்தது. பெரிய சக்கரம் போட்டால், தாழ்ந்த கியரில் இயந்திரம் வண்டியை இழுத்துப் பிடிக்கும் வலிமையும் அதே ஏழு பங்கு குறையும். அந்தப் பாரமும் டிரம்மின் தலையில் விழும்.

எடையின் செய்தியும் உண்டு. வண்டிக்குள் ஒரு கிலோ அரிசி வைத்தால் அது முன்னே மட்டும் போகிறது. அதே ஒரு கிலோ டயரின் ஓரத்தில் இருந்தால் முன்னேயும் போகிறது, சுற்றவும் செய்கிறது. ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் அது ஏறக்குறைய இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும். ‘அலாய் என்றால் லேசு’ என்று சொல்லி விற்கிறார்கள். ரிம் லேசாக இருக்கலாம். அதன்மேல் ஏறும் பெரிய டயர் அந்த லேசைத் தின்றுவிடுவதும் உண்டு.

தம்பி சளைக்கவில்லை. பட்டறை அறிவு அவனுடையது. என்னிடம் இருப்பது காகித அறிவு. “அப்படீன்னா 195/50 போடலாம் அக்கா. அதுலே சுவர் குட்டை. விட்டம் கூடாது” என்றான். கணக்கிட்டேன்: 576 மில்லிமீட்டர். அவன் சொன்னது சரி. வேகமானியும் பொய் சொல்லாது, பிரேக்கும் இளைக்காது. பையன் கெட்டிக்காரன் என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன். ஆனால் விட்டத்தில் போன பேய் அகலத்தில் வந்து உட்கார்ந்தது. 155 அகலத்துக்குச் செய்த இடத்தில் 195 அகலம் நுழைய வேண்டும். உள்பக்கம் இடமில்லை, ஆகவே சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். வெளியே தள்ளத் தள்ள, அச்சுமுனையின்மேல் விழும் நெம்புகோல் நீளுகிறது. தராசின் தட்டை முள்ளிலிருந்து தள்ளிக் கட்டுவது போன்றது இது. பாரம் கூடாமலே சுமை கூடும். ஹெரால்டின் முன் அச்சுமுனைகள் மெல்லியவை. அந்தச் சிறு வண்டியின் எடைக்கும், அக்காலத்து ஒல்லி டயர் தரும் பிடிப்புக்கும் அளந்து செய்தவை. இக்காலத்து அகன்ற டயர் சாலையைப் பற்றும் பற்று அவற்றின் கணக்கிலேயே இல்லை.

போல்ட்டுகளின் கதை இதைவிடக் கொடிது. ஹெரால்டில் நான்கு போல்ட்டுகளும் மூன்றேமுக்கால் அங்குல வட்டத்தில், அதாவது 95.25 மில்லிமீட்டரில் நிற்கின்றன. தம்பி தேர்ந்த சக்கரத்தின் வட்டம் 100 மில்லிமீட்டர். ஒவ்வொரு துளையும் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கும். “துளையைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்துவிடுகிறோம்” என்று விற்பவர் சொன்னாராம். நீட்டிய துளையில் போல்ட் நடுவில் நிற்காது. நட்டின் கூம்பு முகம் முழுதாகப் படியாது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது அசையும். அசைந்து அசைந்து நட்டு தளரும். இதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறிற்று. கழன்று போன சக்கரங்களைப் பட்டறையில் அவன் பார்த்திருக்கிறான்.

இனி ஹெரால்டுக்கே உரிய ஒரு குணம். அதன் பின்சக்கரங்கள் ஒரே நேரான அச்சில் பூட்டியவை அல்ல. நடுவிலுள்ள பெட்டியிலிருந்து இரண்டு அரை அச்சுகள், பறவையின் சிறகுகள்போல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரு பிளேட் ஸ்பிரிங் அவற்றைத் தாங்கும். சிறகு ஏறி இறங்கும்போது சக்கரமும் சாயும். வளைவில் வேகமாகத் திரும்பினால், வண்டியின் பின்பாகம் எழும்பி, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். டயரின் பிடிப்பு மிகுதியானால் இந்த எழுப்பும் விசையும் மிகும். நல்ல டயர் போட்டதாலேயே வண்டி கெடக்கூடிய விந்தை இது.

இதே அமைப்புள்ள ஷெவர்லே கார்வேர் என்னும் அமெரிக்கக் காரைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965-இல் தம் புகழ்பெற்ற நூலில் எழுதினார்; வாகனப் பாதுகாப்பைப் பற்றி அந்த நாடே பேசத் தொடங்கியது. அந்தக் காருக்கு முன்டயரில் 15 பவுண்டு, பின்டயரில் 26 பவுண்டு காற்று என்று ஆலை விதித்திருந்தது. வண்டி நேராகப் போவது அந்த வேறுபாட்டை நம்பியிருந்தது. டயரின் காற்றே இவ்வளவு செய்யுமானால், டயரையே மாற்றுவது எவ்வளவு செய்யும்! ஸ்பிட்ஃபயரைச் செய்தவர்களும் இதை உணர்ந்தார்கள். 1970-இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றினார்கள். அதன் பின்னர் அரை அச்சுகளை நீட்டினார்கள். பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் ரிம் மூன்றரை அங்குலத்திலிருந்து நாலரை அங்குலமாக அகன்றது உண்மை. ஆனால் அகலத்தை மட்டும் கூட்டிவிட்டு அவர்கள் கையைக் கழுவவில்லை. ரிம்மின் விட்டமோ கடைசி வரையில் 13 அங்குலமாகவே இருந்தது.

ஒரு மாலை, அந்தச் சக்கரங்களில் ஒன்றைப் பார்வைக்கென்று தம்பி கடன் வாங்கி வந்தான். வண்டியை ஜாக்கியில் ஏற்றினோம். சக்கரத்தைப் பூட்டவில்லை; 195 அகலத்துக்கும் 576 விட்டத்துக்கும் அட்டையில் வெட்டிய வட்டங்களைச் சேர்த்து ஒட்டி, அதை அச்சின் முன் பிடித்தோம். மட்கார்டின் உள்விளிம்பில் களிமண் உருண்டைகளை அப்பி வைத்தோம். ஸ்பிரிங்கை ஏற்றியும் இறக்கியும், ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பியும் பார்த்தோம். உருண்டை நசுங்கிய இடமெல்லாம் டயர் உரசும் இடம். பின்பக்கம் இருவர் அமரும் அளவுக்கு வண்டியைத் தாழ்த்தியபோது பின் மட்கார்டின் உருண்டைகள் அப்பளமாயின. தாழ்ந்தால் உரசும், எழும்பினால் மடங்கும். பின் இருக்கையில் உட்காரப் போகிறவள் அம்மாயி.

முன்பக்கத்தில் கண்டது என்னை இன்னும் வருத்திற்று. ஹெரால்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள், அதாவது ஏழரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடத்துக்குள், அது முழுதாகத் திரும்பிவிடும். முன்சக்கரங்கள் அவ்வளவு சாய்ந்து திரும்பும். அட்டைச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பியபோது முக்கால் திருப்பத்திலேயே உருண்டைகள் நசுங்கின. உரசாமலிருக்கத் திருப்பத்துக்குத் தடைக்கட்டை வைக்க வேண்டும். வைத்தால் திரும்பும் வட்டம் பெருகும். மாதேசுவரன் மலை வளைவுகளுக்கென்றே வாய்த்தது போன்ற வரம் அது. அதைக் கொடுத்துத்தான் இந்தப் பளபளப்பை வாங்க வேண்டும்.

“மட்கார்டை ரெண்டு அங்குலம் வெட்டிடலாம்” என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டே. இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆலை விதித்த அமைப்புக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சக்கரத்தின் அளவு பதிவுச் சான்றிதழில் இருக்கிறதா என்று வாதாடலாம். மட்கார்டை வெட்டிய பின் வாதாட இடம் குறைவு. இதைவிட இழப்பான ஒன்றும் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் விதி வந்தது. அடிச்சட்டமும் கூடும் இயந்திரமும் மாற்றப்படாமல் முதல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் ஹெரால்டு அந்த வயதைத் தாண்டிவிட்டது. இரண்டு அங்குலத் தகட்டை வெட்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி ஒன்று சொன்னான். அதற்கு இன்றுவரை என்னிடம் முழு விடை இல்லை. “நாள் முச்சூடும் ஊரான் வண்டியைத் துடைக்கிறேன் அக்கா. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு. அது அழகா இருக்கணும்னு நெனக்கறது தப்பா?” தவறில்லை. அழகும் மனிதனுக்கு ஒரு தேவைதான். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அழகை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நேர்மையன்று. உழைப்பவன் தன் கையால் ஒன்றை அழகாக்கிப் பார்க்க நினைப்பதைவிட இயல்பான ஆசை வேறென்ன உண்டு? அதனால், ‘வேண்டாம்’ என்று சொல்லி எழுந்துவிட எனக்கு மனமில்லை. அழகை அச்சு தாங்கும் அளவில் தேடுவோம் என்றேன்.

மாமா அதுவரையில் வாய் திறக்கவில்லை. பிறகு தம்பியிடம், “சாமி, இந்த வண்டியை முப்பது வருசமா நான் காப்பாத்தலை, அதுதான் என்னைக் காப்பாத்திச்சு. அது எதுக்குப் பொறந்ததோ அப்படியே விடு. மினுக்கணும்னா மினுக்கு” என்றார். என் பக்க முழுதும் நிரம்பிய கணக்கு செய்யாததை அந்த வார்த்தை செய்தது.

விற்பவர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார். மிச்சப் பணத்தில் தம்பி செய்தவை இவை: 155/80 ஆர் 13 அளவிலேயே நான்கு புதிய ரேடியல் டயர்கள், முன்சக்கரங்களுக்குப் புதிய பேரிங்குகள், நான்கு டிரம்களுக்கும் புதிய பிரேக் லைனிங். முன்சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள ட்ரன்னியன் என்ற உறுப்பையும் கழற்றிப் பார்த்தான். அதற்குக் கிரீஸ் போடலாகாது. கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். எண்ணெய் காய்ந்தால் துரு ஏறி முறியும். முறிந்தால் முன்சக்கரம் படுத்துவிடும். கழற்றியபோது ஒன்று காய்ந்துதான் இருந்தது. பெரிய சக்கரத்தின் பேச்சு எழாமலிருந்தால் அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டோம். இந்த நன்மை தம்பியின் ஆசை தந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு ஒரு வாரம், இரவெல்லாம் அந்தப் பழைய எஃகு ரிம்களைத் தேய்த்தான். துருவை எடுத்து, வெள்ளிச் சாம்பல் நிறம் பூசி, நடுவிலுள்ள தொப்பிகளை முகம் பார்க்கும்படி துலக்கினான். கடையில் வாங்கிய பளபளப்பு கடைக்காரனுடையது, இது அவனுடையது. திருவிழாவுக்குப் போனோம். மலையிறக்கத்தில் ஒரு வளைவில் பேருந்து ஒன்று பின்னுக்கு வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அது போன பிறகு எங்கள் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிற்று. தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் லேசாகச் சிரித்தான். ஊரில் சனம் வெளியே வந்து பார்த்தது. அந்த அலாய் சக்கரங்களின் படத்தை அவன் இன்னும் தன் கைப்பேசியில் வைத்திருக்கிறான். அதையும் அழிக்கச் சொல்ல நான் யார்?

மயிலிறகே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் அதை அரசர்களுக்கும் படைகளுக்கும் உரியதாகப் படித்தோம். வண்டிக்கும் உரியது என்று இப்போது தெரிகிறது. ஒரு பொருளில் ஓர் உறுப்பைப் பெரிதாக்க நினைக்கும்போது, ‘இதனை எது தாங்க வேண்டும்? அதற்கு வலிவு உண்டா? இது ஓட வேண்டிய பாதை எது?’ என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். விடை சரியென்றால் தாராளமாக மாற்றுங்கள்; பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் சேர்த்து, அறிந்தவரைக் கொண்டு, சட்டம் இடம் தரும் அளவில் மாற்றுங்கள். விடை தெரியாவிட்டால் முதலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றுங்கள். நான்கு களிமண் உருண்டைகள் போதும். பழைய வண்டியை வைத்திருக்கும் நண்பர்கள் நம் மன்றத்திலும் சிலர் உண்டு. பெரிய சக்கரம் தேடிக் கடைக்குப் போகுமுன், இருக்கும் சக்கரத்துக்குள் அச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பாருங்கள்.